புதுப் போன், புது ஹார்டுவேர்: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எதைச் சோதிப்பது?

கேள்வி இதுதான்: "புதிதாக ஒரு போன், அதற்கு வேறு கம்பெனி சார்ஜர், கேபிள், ஒரு பவர் பேங்க் வாங்கியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு ரேமும் எஸ்எஸ்டியும் வந்திருக்கின்றன. திருப்பிக் கொடுக்கச் சில நாள் கெடு இருக்கிறது. அதற்குள் என்னென்ன பார்க்க வேண்டும்? பெஞ்ச்மார்க் ஓட்டிப் பார்த்தால் போதுமா?"

போதாது. பெஞ்ச்மார்க்கை, அதாவது வேகத்தை எண்ணாகச் சொல்லும் சோதனை ஆப்பை, கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் தேட வேண்டியது குறைகளை.

மின்னணுப் பொருட்கள் பழுதாவதில் ஒரு ஒழுங்கு உண்டு. தயாரிப்பில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே வெளிப்பட்டுவிடும். அந்தக் கட்டம் தாண்டினால் நீண்ட காலம் அமைதியாக ஓடும். பிறகு தேய்மானத்தால் மறுபடி பழுது கூடும். ஆனால் அந்த ஆரம்பக் கோளாறும் தானாக வந்து நிற்காது. பொருளுக்குச் சுமை கொடுத்தால்தான் தெரியும். நம்மில் பலர் புதுப் பொருள் என்று முதல் வாரம் பூப்போலக் கையாள்கிறோம். கெடு முடிந்த பிறகுதான் வெயிலில் வீடியோ எடுக்கிறோம், பெரிய ஃபைலை நகலெடுக்கிறோம், மணிக்கணக்கில் விளையாடுகிறோம். இதை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். முதல் சில நாட்களில்தான் கடுமையாக வேலை வாங்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றாதீர்கள். புதுப் போனைப் புதுக் கேபிளில், புது சார்ஜரில் போட்டு அது சூடானால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்த பழைய சார்ஜர், பழைய கேபிளோடு புதுப் போனை முதலில் பாருங்கள். அது தேறிய பிறகு கேபிளை மட்டும் மாற்றுங்கள். அதன் பிறகு சார்ஜரை. ரேமையும் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) எஸ்எஸ்டியையும் (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) இதே மாதிரி தனித்தனி நாளில் போடுங்கள். சோதனை முடியும்வரை பழைய போனில் உள்ள படங்களை அழிக்க வேண்டாம், பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம். டயல் செய்யும் இடத்தில் *#06# அடித்தால் போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் வரும். பெட்டியில் அச்சிட்ட எண்ணோடும் பில்லில் உள்ள எண்ணோடும் அது பொருந்துகிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போனுக்கு வருவோம். திரையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் திரைக் குறையை நிரூபிப்பது சுலபம், அது பிறகு சரியாகப் போவதும் இல்லை. இருட்டறையில், வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்து, முழுத் திரைக்கும் அடர் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறங்கள். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரையில் ஒரு பக்கம் பச்சையும் இன்னொரு பக்கம் இளஞ்சிவப்புமாகச் சாயல் தெரிந்தால், அல்லது செங்குத்துக் கோடுகள் தெரிந்தால், அது இந்த நிலையில்தான் கண்ணில் படும். கடையின் பளிச்சென்ற விளக்கில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று முழுத்திரை நிறங்களை மாற்றி, இறந்துபோன புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தொடுதிரைக்கு ஒரு சோதனை உண்டு. யாரும் அதிகம் செய்வதில்லை, ஆனால் நான் விடவே மாட்டேன். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் விரல் போகும் தடத்தைக் கோடாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு மூலைகள் உட்படத் திரை முழுக்க மெதுவாகக் கோடு இழுங்கள். எங்காவது கோடு அறுந்தால் அங்கே தொடுவுணர்வு சரியில்லை. இதையே சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். மட்டமான சார்ஜர்களிலிருந்து வரும் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். கோடு நடுங்கும், தொடாத இடத்தில் தொட்டது போலக் காட்டும். சார்ஜர் இல்லாமல் நன்றாக இருந்து, செருகியதும் கெட்டால் போனில் தப்பில்லை, சார்ஜரை மாற்றுங்கள். ஒரே சோதனையில் இரண்டு பொருளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

ஓஎல்இடி திரைகள் பலவும் குறைந்த வெளிச்சத்தில் மிக வேகமாக அணைந்து எரிந்து ஒளியைக் குறைக்கின்றன. பெரும்பாலோருக்கு இது தெரியாது. சிலருக்குக் கண் வலிக்கும், தலை கனக்கும். இரவில் வெளிச்சத்தைக் குறைத்து நீண்ட நேரம் படித்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு ஒத்துவரவில்லை என்றால், அந்தப் போன் எத்தனை விருது வாங்கியிருந்தாலும் உங்களுக்கு ஆகாது. திருப்பிக் கொடுக்க இது முழு நியாயமான காரணம்.

போன் என்பது பேசுவதற்கு என்பதையே சோதிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். சிக்னல் எப்போதும் திணறும் ஒரு இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பழைய போனையும் புதுப் போனையும் எடுத்துப் போய், ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பேசிப் பாருங்கள். இரண்டு சிம் இடத்தையும் பாருங்கள். காதருகே வைத்ததும் திரை அணைகிறதா, எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் தெளிவாகக் கேட்கிறதா, ஸ்பீக்கரில் போட்டால் எதிரொலி வருகிறதா என்று கேளுங்கள். வைஃபை ரவுட்டரிலிருந்து தூரமாக உள்ள அறையிலும் ஒருமுறை. இதற்கெல்லாம் அரை மணி நேரம்தான் ஆகும்.

பேட்டரியை முதல் நாளே எடை போடாதீர்கள். புதுப் போன் பின்னணியில் ஆப்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும், படங்களை வகைப்படுத்தும், பழைய தரவை இறக்கும். இரண்டு மூன்று நாள் போகட்டும். அதன் பிறகு இரவு படுக்கும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, காலையில் எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். மறுநாள் இரவு சாதாரணமாக, சிம்மும் வைஃபையும் இயங்கும்படி விட்டுப் பாருங்கள். விமானப் பயன்முறையில் கிட்டத்தட்ட அப்படியே இருந்து, மறுநாள் மட்டும் மளமளவென்று குறைந்தால் சிக்னலோ ஏதோ ஒரு ஆப்போ காரணம். இரண்டு இரவும் குறைந்தால்தான் பேட்டரி அல்லது போர்டு மேல் சந்தேகப்பட வேண்டும். திரை எத்தனை மணி நேரம் எரிந்தது என்ற கணக்கை விட இந்த இரண்டு இரவுக் கணக்கு எனக்கு நம்பகமாகத் தெரிகிறது, ஏனென்றால் பயன்பாடு என்ற மாறும் அம்சமே இதில் இல்லை.

சார்ஜ் ஏறும்போது சூட்டைக் கவனியுங்கள். லித்தியம் அயான் பேட்டரிகளைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் சார்ஜ் செய்யவே வடிவமைக்கிறார்கள். அதைத் தாண்டும்போது நல்ல போன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கோடை மதியத்தில் விளம்பரத்தில் சொன்ன நிமிடங்களுக்குள் ஏறவில்லை என்றால் அது குறையல்ல, பாதுகாப்பு.

கேமராவில் மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடலாம். 50 மெகாபிக்சல் சென்சார்கள் வழக்கமாக நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தருகின்றன; 200 மெகாபிக்சல் சென்சார் பதினாறைச் சேர்த்து அதே 12.5-க்கு வருகிறது. சோதிக்க வேண்டியது லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை. அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று மூலை தெளிவாகவும் ஒன்று மட்டும் மங்கலாகவும் இருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. எந்த அப்டேட்டும் அதைத் திருத்தாது. பிறகு 4கே வீடியோவைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் எடுங்கள். இடையில் நின்றுவிடும் போன்கள் இருக்கின்றன.

இப்போது பெஞ்ச்மார்க். இதில் நம்பிக்கை குறையக் காரணம் உண்டு. 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 போனின் சில வகைகள், பெஞ்ச்மார்க் ஆப் திறந்திருக்கிறது என்று கண்டுகொண்டு அதற்கு மட்டும் கிராஃபிக்ஸ் வேகத்தைக் கூட்டியது வெளியே வந்தது. 2018-இல் இதே போன்ற காரணத்துக்காக ஹுவாவேயின் சில போன்களை 3டிமார்க் என்ற பெஞ்ச்மார்க் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 2022-இல் கேலக்ஸி எஸ்22 வரிசை சாதாரண ஆப்களின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தி, பெஞ்ச்மார்க்கைக் கட்டுப்படுத்தாமல் விட்டது என்பதற்காக கீக்பெஞ்ச் என்ற இன்னொரு பெஞ்ச்மார்க் அந்தப் போன்களை நீக்கியது. ஆகவே ஒருமுறை ஓட்டிக் கிடைக்கும் எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. 3டிமார்க்கில் இருபது நிமிடம் திரும்பத் திரும்ப ஓடும் சோதனைகள் இருக்கின்றன. அதில் முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். முதலில் உச்சத்துக்குப் போய்ப் பாதியாகச் சரியும் போனை விட, சற்றுக் குறைவாகத் தொடங்கி அப்படியே நிற்கும் போனைத்தான் நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

துணைப் பொருட்களில் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது கேபிள். யூஎஸ்பி-சி கேபிள்கள் வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். உள்ளே, ஒன்றில் தரவு வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், இன்னொன்றில் 10 கிகாபிட், வேறொன்றில் 40 கிகாபிட். மின்சாரத்திலும் அப்படியே: 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரை, சாதாரண கேபிள் போதும். அதற்கு மேல் 5 ஆம்பியர் ஓட வேண்டுமானால் கேபிளுக்குள் தன் திறனைச் சொல்லும் ஒரு சின்னச் சிப் இருந்தாக வேண்டும். 2021-இல் வந்த புதிய விதிகள் இந்த எல்லையை 48 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரை உயர்த்தின. ஆகவே 100 வாட் சார்ஜரில் லேப்டாப் மெதுவாக ஏறினால் முதல் சந்தேகம் கேபிள் மேல் வர வேண்டும். அதே மாதிரி, வேகமான வெளி எஸ்எஸ்டி ஒன்று விநாடிக்கு 40 மெகாபைட் அளவிலேயே நின்றால், அநேகமாகப் போனோடு வந்த சார்ஜிங் கேபிளில் அதைச் செருகியிருக்கிறீர்கள்.

கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இல் இணையத்தில் விற்ற யூஎஸ்பி-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதத் தொடங்கினார். ஒரு முனை பழைய யூஎஸ்பி-ஏ, மறுமுனை சி என்றிருக்கும் கேபிள்களில் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். பலவற்றில் 10 கிலோ ஓம் இருந்தது. அந்தத் தவறான மின்தடை, "என்னால் 3 ஆம்பியர் தர முடியும்" என்று போனிடம் பொய் சொல்லும். போன் அதை நம்பி இழுக்க, அந்த அளவு தாங்காத பழைய சார்ஜரோ கம்ப்யூட்டர் போர்ட்டோ கெட்டுப்போகலாம். 2016-இல் உள்ளே ஒயர்களையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள், அவருடைய லேப்டாப்பையும் சோதனைக் கருவியையும் பழுதாக்கியது. பெயர் தெரியாத கேபிளின் முதல் சோதனையை உங்களிடம் இருக்கும் விலை உயர்ந்த பொருளில் செய்யாதீர்கள். யூஎஸ்பி மீட்டர் என்று சிறு கருவி கிடைக்கிறது; வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டும். இரண்டு மூன்று சார்ஜர் வைத்திருப்பவர் எவரும் அதை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பவர் பேங்க் விஷயத்தில் பலர் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல பொருளையே திட்டுகிறார்கள். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. அது 37 வாட் மணி. வெளியே வரும்போது 5 வோல்ட், ஆகவே 7,400. மாற்றத்தில் கொஞ்சம் வெப்பமாகப் போகும். மிஞ்சுவது ஏறக்குறைய 6,000 முதல் 6,500. போன் பேட்டரியின் 5,000 என்ற எண்ணும் 5 வோல்ட்டில் அல்ல, செல்லின் வோல்ட்டில் போட்ட கணக்குதான்; ஆகவே அந்தப் போனை ஒன்றரை முறை அளவுக்கு ஏற்றினால் அந்தப் பவர் பேங்க் நேர்மையானது. மீட்டரில் அதைவிட மிகக் குறைவாக வந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். உப்பல், இனிப்பு கலந்த ரசாயன வாடை, ஒரு பக்கம் மட்டும் சூடு, இவற்றில் எது இருந்தாலும் சோதனையை உடனே நிறுத்திவிடுங்கள்.

திரைக் கண்ணாடியில் 9எச் என்று போட்டிருப்பது பென்சில் கடினத்தன்மை அளவு. அந்தச் சோதனையில் கீறிப் பார்ப்பது பென்சிலால். மணலில் உள்ள குவார்ட்ஸ், கனிமங்களை அளக்கும் மோஸ் அளவில் 7. கண்ணாடியை அது கீறும், 9எச் என்று எழுதியிருந்தாலும் கீறும். இயர்பட்ஸ் வாங்கினால் பாட்டை மட்டும் கேட்காமல், காற்றடிக்கும் வெளியிடத்தில் ஒரு போன் கால் பேசிப் பாருங்கள்.

மெமரி கார்டும் பென் டிரைவும் வேறு வகை. போலிகளில், உள்ளே 32 ஜிபி மட்டும் வைத்து 512 ஜிபி என்று சொல்லும்படி கன்ட்ரோலரை (கார்டை இயக்கும் சிப்) மாற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டரும் 512 என்றே காட்டும். உண்மையான அளவு நிரம்பியதும் புதிய ஃபைல்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருட்கள் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். குழந்தையின் பிறந்தநாள் படங்கள் அந்தக் கார்டில் போவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு வந்தால், ரேமை முதலில் சோதியுங்கள். கெட்ட ரேம் தன்னைக் காட்டிக்கொள்ளாது. விண்டோஸ் தொங்கும், ஜிப் ஃபைல் திறக்காது, படம் பாதி சிதைந்திருக்கும், நீங்கள் எஸ்எஸ்டியையும் வைரஸையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவிலிருந்து துவக்கி ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். முதலில் பயாஸில் (கம்ப்யூட்டர் துவங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) எதையும் மாற்றாமல். அது தேறிய பிறகு, பெட்டியில் எழுதிய வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் போட்டு மறுபடி ஓர் இரவு. அந்த வேகம் ஓவர்கிளாக் வகை, அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரேம் நன்றாக இருந்தும் பிராசஸரின் மெமரி கன்ட்ரோலரோ மதர்போர்டோ அதைத் தாங்காமல் போகலாம். இரண்டு இரவையும் பிரித்து வைத்தால்தான் யார் காரணம் என்று தெரியும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், "ஒன்றுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

எஸ்எஸ்டியில் சின்னச் சோதனைகள் எப்போதும் அழகான எண்ணைத்தான் தரும். டிரைவ் தன் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொண்டு, வருவதை முதலில் அங்கே வாங்கிக்கொள்கிறது. அது நிரம்பிய பிறகுதான் உண்மையான வேகம் தெரியும். நூறு இருநூறு ஜிபி அளவுக்குத் தொடர்ந்து எழுதிப் பாருங்கள். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி வகை மலிவு டிரைவ்களில் வேகம் பழைய ஹார்டு டிஸ்க்குக்கும் கீழே போவதுண்டு. நீங்கள் ஆவணங்களும் உலாவியும் மட்டும் பயன்படுத்துபவர் என்றால் அது பிரச்சினையே இல்லை. வீடியோ எடிட் செய்பவர் என்றால் முதல் வேலையிலேயே தடுக்கும்.

விமர்சன வீடியோ பார்த்து வாங்கினாலும் நாமே சோதிக்க வேண்டியிருப்பதற்கு வலுவான காரணம் இங்கேதான் இருக்கிறது. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை ஹார்டு டிஸ்க்குகள் சிலவற்றில், எழுதும்போது வேகம் குறையும் எஸ்எம்ஆர் முறையைத் தெளிவாகச் சொல்லாமலே பயன்படுத்தியது வெளிவந்தது. 2021-இல் க்ரூஷியல் பி2 எஸ்எஸ்டி, அதே பெயரிலேயே, ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியிருந்தது. விமர்சகர் சோதித்தது ஒரு பொருள், உங்கள் கையில் இருப்பது இன்னொன்று. அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன பொருள்தான் உங்களுக்கு வரவில்லை.

பவர் சப்ளை பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பவர் சப்ளையில், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் ஒருபோதும் செருகாதீர்கள். மதர்போர்டு பக்கத்து முனைக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி உண்டு, பவர் சப்ளை பக்கத்து முனைக்குக் கிடையாது. பிளக் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து டிரைவ் எல்லாம் போய்விடும். புதிய கிராஃபிக்ஸ் கார்டுகளின் 16 பின் இணைப்பை முழுவதும் உள்ளே போகும்வரை அழுத்துங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது இணைப்பு உருகிய சம்பவங்களில், சரியாக உட்காராததே முக்கியக் காரணம் என்று என்விடியா சொன்னது.

பிராசஸர் சோதனைக்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி நாளடைவில் நிலைகுலைந்தன. 2024-இல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் சிறு நிரல்) திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது, வாரன்ட்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. முதல் நாள் எல்லாச் சோதனையும் தேறிய சிப்களும் அதில் இருந்தன. ஆகவே பில்லும் வாரன்ட்டிப் பதிவும் சோதனையில் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குறை தெரிந்தால் உடனே ரீசெட் செய்துவிடாதீர்கள். அதே குறையை இன்னொரு முறை வரவழைத்து வீடியோ எடுங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்று எழுதினால் உங்களுக்கு ஓர் ஆலோசனைதான் பதிலாக வரும். "மெம்டெஸ்ட்டில் இத்தனையாவது சோதனையில் பிழை, படம் இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால் அதை மறுப்பது கடினம். எல்லாம் பதிவான பிறகு போனிலிருந்து உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, அதன் பிறகே ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்த போன் திருட்டுத் தடுப்புப் பூட்டோடு நிற்கலாம். சரியான காரணத்தோடு அனுப்பியிருந்தாலும் அப்படிப் பூட்டிய போனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.